வலை கழித்து, தண்ணீர் கழித்து

மல்சுக் சுறாவுக்குப் பயந்தவள் இல்லை. ஒருமுறை காற்றில் மிதவை பறிபோனபோதும் கெட்ட வார்த்தையில் பாட்டுக் கட்டிப் பாடிக்கொண்டே நீந்திக் கரைசேர்ந்தவள். அப்படிப்பட்டவளுக்கு ஐம்பத்தெட்டு வயதில் ஒரு எடை மிஷினைக் கண்டால் பயம். இளம் வயதிலிருந்து அவளோடு ஜோடி சேர்ந்து கடலில் முங்கி நத்தை எடுக்கிற நான் இதைச் சொல்லாமல் வேறு யார் சொல்வது?

முழங்கால் வலிக்கு ஊசி போடப் போன இடத்தில்தான் எல்லாம் ஆரம்பித்தது. எங்கள் ஜெஜூத் தீவின் டவுன் டாக்டர் அவளை ஏற்றி நிறுத்தி எழுபத்துமூன்று என்றார். எட்டுக் கிலோவாவது குறையாவிட்டால் கடலை மறந்துவிட வேண்டியதுதான் என்றார். கடலை மறப்பதா? கடலை விட்டால் அவளுக்கு மிச்சம் இருப்பது வீட்டில் டிவி பார்க்கிற புருஷன் மட்டும்தான்.

அன்றிலிருந்து பன்றிக்கறி இல்லை, அரிசி கேக் இல்லை. அவித்த சர்க்கரைவள்ளிக்கிழங்கு, டோஃபு, மூக்கைப் பொத்திக்கொண்டு ஒரு டம்ளர் வினிகர் தண்ணீர். சியோலில் இருக்கும் மகள் எடை மிஷின் ஒன்று வாங்கி அனுப்பினாள். மல்சுக் அதைச் சமையலறை மூலையில் வைத்து, மேலே கிம்ச்சி ஊறுகாய் ஜாடியைத் தூக்கி வைத்துவிட்டாள். மகள் போனில் கேட்கும்போதெல்லாம் குனிந்து பார்த்து, “போன வாரத்துக்கு இந்த வாரம் குறைஞ்சிருக்கு” என்பாள். அது பொய்யும் இல்லை. அந்த வீட்டில் கிம்ச்சி வாரம் தவறாமல் இளைத்துக்கொண்டுதான் இருந்தது.

ஆனால் எங்கள் தொழிலில் உடம்பை ஒளிக்க முடியாது. ரப்பர் உடுப்பு ஆளை மிதக்கவைக்கும், கொழுப்பும் மிதக்கவைக்கும். அதனால் அவரவர் உடம்புக்குத் தக்கபடி இடுப்பில் ஈயக்கட்டி கட்டிக்கொண்டுதான் முங்குவோம். மல்சுக்கின் பட்டையில் இருக்கும் அளவுக்கு ஈயம் வேறு யாரிடமும் கிடையாது. ஆள் இளைத்தால் ஈயத்தைக் குறைக்க வேண்டும். இல்லாவிட்டால் இறங்குவது சுகமாக இருக்கும், ஏறும்போது உயிர் போகும்.

எங்கள் குழுத் தலைவி துக்சூன் அக்கா ஒருநாள் உடுப்பு மாற்றும் அறையில் மல்சுக்கைப் பிடித்துக்கொண்டாள்.

“ஏண்டி, உடுப்பு தொளதொளன்னு தொங்குது. எடையப் பாத்துட்டு ரெண்டு கட்டியக் கழட்டு.”

“ரப்பர் பழசாயிருச்சுக்கா.”

“போன வருசம் தச்சது பழசாயிருச்சா?”

“அப்ப தச்சவன் சரியில்ல.”

மற்றவர்கள் போனபிறகு நான் கேட்டேன். “இளைச்சுத்தான்டி இருக்க. பாத்தாலே தெரியுது. மிஷின்ல ஏறி நிக்கிறதுக்கு என்ன கேடு?”

கால் துடுப்பைக் கழுவிக்கொண்டே சொன்னாள். “எழுபத்துமூணுன்னே காட்டிட்டா? மூணு மாசமா ஒரு துண்டு கறி தின்னல. குறையலன்னு தெரிஞ்சா அதுக்கு மேல ஒருநாள்கூட என்னால முடியாது. தெரியாத வரைக்கும் பட்டினி கிடந்துருவேன்.”

ஈயத்தைக் கழற்றினாலும் அதே கதைதான். கழற்றினால் இளைத்துவிட்டோம் என்று நம்பியதாகிவிடும், நம்பியபிறகு ஏமாந்தால் தாங்க முடியாது. எனக்குக் கோபமும் வந்தது, பாவமாகவும் இருந்தது. “போடி கிறுக்கி” என்று மட்டும் சொன்னேன்.

அடுத்த வாரமே அது நடந்தது. அவள் மிதவை மட்டும் தனியாக ஆடிக்கொண்டிருந்தது, ஆளைக் காணோம். முங்கிப் பார்த்தேன். ஒரு எட்டுக்கால் பேய்க்கணவாய் அவள் முன்கையைச் சுற்றியிருந்தது. இவளும் அதை விடவில்லை. காலை உதைக்கிறாள், உதைக்கிறாள், ஒரு முழம்கூட மேலே ஏறவில்லை. கழுத்துப் பட்டையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தேன். அந்த ஒரு மூச்சில் நான் எத்தனை சாமியைக் கூப்பிட்டேன் என்று எனக்கே தெரியாது.

கரையில் படியேற முடியாமல் அவள் கால் இழுத்துக்கொண்டது. நத்தை தூக்குகிற பெரிய வலையில் அவளைப் போட்டு, மீனவர் சங்கத்துக் குமாஸ்தா கிசுவைக் கூப்பிட்டோம். அவன் ஓடிவந்து கிரேனை முடுக்கினான். அந்தக் கிரேன் கொக்கியிலேயே தராசு இருக்கிறது. வலை மேலே வந்ததும் கரை முழுக்கக் கேட்கும்படி எடையைக் கத்திச் சொல்லவேண்டும் என்பது எங்கள் சங்கத்து வழக்கம். எடைக்குத்தான் காசு, முணுமுணுத்தால் அடிதடி நடக்கும். கிசு வருஷக்கணக்காகக் கத்திப் பழகியவன், வலை நின்றதும் அவன் வாய் தானாகத் திறந்துவிட்டது.

“மல்சுக் அத்தை, எழுபத்தாறு! வலை கழிச்சு, தண்ணி கழிச்சு, எழுபத்து நாலரை!”

கிசு வாயைப் பொத்திக்கொண்டான். துக்சூன் அக்கா அவனை அடிக்கக் கட்டை தேடினாள். அரை உயிராகக் கிடந்த மல்சுக் வலைக்குள் ஒரு கண்ணைத் திறந்தாள்.

“ஈயம்? ஈயத்த யாருடா கழிப்பா, உங்கப்பனா?”

நத்தை எடையில் தண்ணீருக்கென்று அதிகமாகக் கழிக்கிறான் என்று தினமும் அவனோடு மல்லுக்கு நிற்பவள், கம்மியாகக் கழித்துவிட்டான் என்று சண்டைக்கு வந்தது அன்றைக்குத்தான்.

“ஈயம் ஏழு கிலோ. அப்ப அறுபத்தேழரை அத்தை.”

“இந்த உடுப்பு என்ன என் தோலா?”

“நாலு போடுடா, நனைஞ்ச ரப்பர்!” என்று கீழிருந்து நான் கத்தினேன். “கால் துடுப்பு வேற இருக்கு!”

“மூணுதான வரும்...”

“இதுக்கு முன்னாடி எத்தன பேர இப்படித் தொங்கவிட்டுப் பாத்திருக்க, மூணுதான் வரும்னு சொல்ல?” என்றாள் துக்சூன் அக்கா. கட்டை கிடைத்திருந்தது.

“சரி, நாலு. அறுபத்து மூணரை.”

“இது?” மல்சுக் வலைக் கண் வழியாகக் கையை நீட்டினாள். பேய்க்கணவாய் இன்னும் அவளை விட்டபாடில்லை.

“அது சங்கக் கணக்கு அத்தை, தனியாத்தான்...”

“கழிடா!” என்று கரையில் இருந்த அத்தனை பேரும் கத்தினோம்.

“ஒண்ணரை கழிச்சு... அறுபத்திரண்டு!”

வலை காற்றில் மெதுவாகச் சுற்றிக்கொண்டிருந்தது. உள்ளே அவள் விரல்விட்டு எண்ணுவது தெரிந்தது. எழுபத்துமூன்றிலிருந்து பதினொரு கிலோ குறைவு. எண்ணி முடித்ததும் கணவாய் சுற்றிய கையாலேயே முகத்தைப் பொத்திக்கொண்டு தேம்பித் தேம்பி அழுதாள்.

“இறக்குடா அவள, ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகணும்” என்றாள் துக்சூன் அக்கா.

“கிசு, இறக்காதடா” என்றாள் மல்சுக் மேலிருந்து. “இன்னொரு தடவ சொல்லு. கழிச்சதெல்லாம் விட்டுட்டு, மிச்சத்த மட்டும் சொல்லு.”