மகளிடம் மாட்டிக்கொண்டு குழல் கற்ற கதை

என் மகளைப் புல்லாங்குழல் வகுப்பில் சேர்த்து மூன்று மாதம் ஆகியிருந்தது. அவளுக்கு ஒன்பது வயது. ஒரு சனிக்கிழமை காலையில், "இனிமே நான் போவல நைனா, போர் அடிக்குது" என்று சொல்லிவிட்டாள். செஞ்சியில் எனக்குத் தெரிந்து குழல் சொல்லிக்கொடுக்க வேறு ஆள் இல்லை. டீச்சர் திண்டிவனத்திலிருந்து பஸ்ஸில் வருவார். முப்பது வயதுகூட இருக்காது. முகூர்த்தம் இல்லாத சனிக்கிழமைகளில் ஒரு கல்யாண மண்டபத்துச் சாப்பாட்டு ஹாலில் வகுப்பு. விட்டால் விட்டதுதான் என்று பயந்து அவரைப் போய்ப் பார்த்தேன்.

"வீட்டுல வேற யாரு சார் வாசிக்கிறாங்க?" என்றார்.

"எங்க வீட்டுல மிக்சி மட்டும்தான் டீச்சர் சத்தம் போடும்."

"அப்ப நீங்க கத்துக்குங்க. என்கிட்ட இல்ல, அவகிட்ட. தினம் சாயங்காலம் அரை மணி. அவளைவிட மோசமா வாசிக்கிற ஆள் ஒருத்தர் வீட்டுல வேணும்."

சிரித்துக்கொண்டே தலையை ஆட்டிவிட்டேன். எதற்கு ஆட்டினோம் என்பது அன்று சாயங்காலமே தெரிந்துவிட்டது.

எனக்கு பைக் மெக்கானிக் வேலை. வீட்டு முன்பக்கம்தான் கடை. ஆறு மணிக்குக் கிரீஸ் கையைக் கழுவிக்கொண்டு உள்ளே வந்தால் மகள் பாய் விரித்துக் காத்திருப்பாள். கதவைச் சாத்துவாள். ஃபேனை நிறுத்துவாள், ஊதுகிற காற்றை அது கலைத்துவிடுமாம். மலைப்பாறைகள் பகலெல்லாம் குடித்த வெயிலைச் சாயங்காலத்தில்தான் ஊருக்குள் கக்கும். வேர்த்துக் கொட்டக் கொட்ட ஊதுவேன். காற்று வரும், சத்தம் வராது. தலை சுற்றும். தண்ணீர் குடிக்க எழுந்தால், "உக்காரு. அரை மணி ஆவல" என்பாள்.

சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து பக்கத்து வீட்டு அக்கா, "இன்னா தம்பி, குக்கர்ல கேஸ்கட் போயிடுச்சா?" என்று கேட்பார். இப்படி ஒரு பேச்சு காதில் விழுந்தால் நாலு பேரிடம் சொல்லிச் சிரிக்காமல் எனக்குச் சோறு இறங்காது. இதை மட்டும் ஒருவரிடமும் சொல்லவில்லை.

ஆனால் பிள்ளை மாறிவிட்டாள். நான் கேட்கிற கேள்விக்கு அவளிடம் பதில் இருக்காது. சனிக்கிழமை முதல் ஆளாகப் போய் நிற்பாள். "எங்க நைனாவுக்கு 'ரி' வரவே மாட்டேங்குது டீச்சர், இன்னா பண்றது?" என்று கேட்டுக்கொண்டு வருவாள்.

கெடுத்தது நான்தான். பஞ்சர் ஒட்டுவதிலிருந்து இன்ஜின் பிரிப்பதுவரை யாரும் சொல்லித்தராமல் நானாகக் கற்றவன். கையில் இருக்கிற ஒரு பொருள் எனக்குப் பிடிபடவில்லை என்றால் பொறுக்காது. அவள் பள்ளிக்கூடம் போன மத்தியானங்களில், கடையில் ஆள் இல்லாத நேரமாகப் பார்த்து, அவள் குழலை எடுத்து ஊத ஆரம்பித்தேன். ஒரு மாதத்தில் அந்த 'ரி' வந்தது. பிறகு சரளி வரிசை என்கிற முதல் பாடமே ஓட ஆரம்பித்தது. சாயங்காலத்தில் அவளிடம் இதைக் காட்டிக்கொள்ளவில்லை. அரைநாள் லீவு விட்ட ஒரு நாள், அவள் பையோடு வாசற்படியில் நின்று முழுவதையும் கேட்டுவிட்டாள்.

"ஒனக்குத்தான் வந்துடுச்சே. நீயே வாசிச்சிக்கோ" என்றாள்.

இரண்டு சனிக்கிழமை வகுப்புக்குப் போகவில்லை. வேண்டுமென்றே தப்பாக ஊதிப் பார்த்தேன். தலையைக்கூட நிமிர்த்தாமல், "நடிக்காத நைனா" என்றாள். நன்றாக வாசித்தால் அவளுக்கு வேலையில்லை. கெடுத்து வாசித்தால் பொய் தெரிந்துவிடுகிறது. வாசிக்காமல் விட்டாலோ குழல் பரண் ஏறிவிடும். எந்தப் பக்கம் திரும்பினாலும் இடித்தது.

டீச்சரிடம் போய் ஒப்புக்கொண்டேன். "உங்கள யாரு சார் தேறச் சொன்னது?" என்று கோபித்துக்கொண்டார். பிறகு, "சரி, வாசிங்க" என்றார். பந்தி மேஜையில் விரலால் தட்டிக்கொண்டே கேட்டார். நாலாவது வரியில் கையைக் காட்டி நிறுத்தினார்.

"சுலபமா வர்ற எடத்துல ஓடுறீங்க. மூச்சு தீர்ந்த எடத்துல நின்னுடுறீங்க. உங்களுக்குத் தாளமே இல்ல சார்!" என் முகம் தொங்கிப்போனது. அவருக்கோ அவ்வளவு சந்தோஷம். "நடிக்கவே வேணாம். இதையே அவ காதுல விழற மாதிரி வாசிங்க. கூப்பிடாதீங்க. அவளா வரலேன்னா விட்டுடுங்க, அதுக்கு மேல நானும் ஒண்ணும் பண்ண முடியாது."

அன்று சாயங்காலம் அவள் முதுகைக் காட்டிக்கொண்டு வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்தாள். காலைத் தரையில் தட்டிக்கொண்டு வாசித்தேன். முதல் தடவை அவள் அசையவில்லை. இரண்டாவது தடவை பென்சில் நின்றது. மூன்றாவது தடவை அந்தப் பென்சில் தரையில் தட்ட ஆரம்பித்தது. அது ஒரு பக்கம், என் கால் ஒரு பக்கம்.

"ஐயோ நைனா! இன்னாத்துக்கு இந்த ஓட்டம் ஓடுற, பஸ்ஸா போவுது?"

எழுந்து வந்து என் காலை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். "நான் தூக்குனாத்தான் தூக்கணும். நான் வெச்சாத்தான் வெக்கணும். ம், வாசி."

வாசித்தேன். அரை மணி தாண்டியது. எழ முடியவில்லை, கால் மரத்துவிட்டது. சொன்னேன்.

"தாளம் வர்ற வரைக்கும் மரத்தே கெடக்கட்டும்" என்றாள்.