பயப்பட வேண்டாம் என்ற தலைப்பு

ரெஜிலா என்ன வேலை பார்க்கிறாள் என்று கேட்டால் தக்கலையில் அவள் தெருவில் ஆளுக்கொரு பதில் வரும். டைப் அடிக்கிறாள் என்பார்கள், பத்திரிகைக்கு எழுதுகிறாள் என்பார்கள். அவள் எழுதியதெல்லாம் தலைப்புகள். நாகர்கோவிலில் குமாரதாஸ் என்பவர் சமையல், உடல்நலம், குழந்தை வளர்ப்பு என்று சில வலைப்பூக்கள் நடத்திவந்தார். கட்டுரைகளை வேறு யாரோ எழுதி அனுப்புவார்கள். ஒருவர் கூகுளில் தேடும்போது அந்தக் கட்டுரைக்கு எந்த வரி கண்ணில் பட வேண்டும் என்று முடிவு செய்வதுதான் ரெஜிலாவின் வேலை. தமிழில் பி.ஏ. படித்தவள். படுக்கையில் கிடந்த மாமியாரைப் பார்த்துக்கொண்டே வீட்டிலிருந்து செய்யலாம் என்று சேர்ந்தாள். ஆறு வருடம் ஓடிவிட்டது.

அதில் அவள் கெட்டிக்காரி. தேடுகிறவரின் வார்த்தை தலைப்பின் தொடக்கத்திலேயே இருக்க வேண்டும், நீண்டுபோனால் வால் வெட்டுப்பட்டு மூன்று புள்ளிதான் தெரியும், ஒரு பக்கத்தின் தலைப்பு இன்னொன்றுக்கு வரக் கூடாது என்பதையெல்லாம் யாரும் ஒரு வாரத்தில் பழகிக்கொள்ளலாம். ரெஜிலாவிடம் அதற்கு மேல், பேச்சைப் பிடித்துவைக்கும் காது இருந்தது. பஸ்ஸிலும் மீன் சந்தையிலும் ஆராதனை முடிந்த சபை முற்றத்திலும் பெண்கள் பேசுவதைக் கேட்டு வைத்திருப்பாள். 'குழந்தைகளிடம் மிகை வியர்வை: காரணங்களும் தீர்வுகளும்' என்று ஒருமுறை ஒரு கட்டுரை வந்தது. எந்தத் தாயும் அப்படித் தேட மாட்டாள் என்று அவளுக்குத் தெரியும். 'கைக்குழந்தைக்கு அதிகமா வியர்க்குதா? பயப்பட வேண்டாம், இதுதான் காரணம்' என்று மாற்றினாள். இரண்டு மாதத்தில் அந்தப் பக்கம் முதலிடத்துக்கு வந்தது. குமாரதாஸ் போனில் கூப்பிட்டுப் பாராட்டினார்.

அந்தக் கட்டுரையை அவள் முழுவதும் படிக்கவில்லை. ஒரு நாளைக்கு இருபது தலைப்பு எழுத வேண்டியிருந்தது.

அவளுடைய தங்கை பிளஸ்ஸியைக் கன்னியாகுமரிப் பக்கம் கொட்டாரம் என்ற ஊரில் கட்டிக்கொடுத்திருந்தார்கள். மாப்பிள்ளை ஷாஜனுக்குக் கத்தாரில் வேலை. ஐந்து வருடம் காத்திருந்து பிறந்த பிள்ளை அபினேஷ். மூன்றாம் மாதம் பால் குடிக்கும்போதெல்லாம் பிள்ளையின் நெற்றி நனைந்துவிடும். நாலு வாய் குடித்ததும் களைத்து விட்டுவிடுவான். அது மே மாதம். பார்த்தவர்கள் எல்லாரும் சூடு என்றார்கள். பிளஸ்ஸி போனில் சொன்னபோது ரெஜிலாவும் அப்படித்தான் நினைத்தாள்.

"துணியக் கொறச்சுப் போடு மக்கா. ரூமுக்குள்ள அடச்சு வைக்காத" என்றாள்.

ஜூன் முதல் வாரத்தில் பிள்ளைக்கு மூச்சு இழுக்க ஆரம்பித்தது. நாகர்கோவிலில் காட்டி, அங்கிருந்து திருவனந்தபுரத்துக்குக் கொண்டுபோனார்கள். இதயத்தில் பெரிய ஓட்டை. நுரையீரலில் சளிக்காய்ச்சலும் சேர்ந்திருந்தது. மூன்றாம் நாள் காலை பத்து மணிக்கு அபினேஷ் போய்விட்டான். பால் குடிக்கும்போது வியர்த்ததைப் பற்றிக் கேட்டுக்கொண்ட டாக்டர், அது இதயம் தரும் அடையாளம் என்றும், அப்போதே வந்திருந்தால் மருந்தில் தேற்றி ஆபரேஷன் செய்ய வாய்ப்பு இருந்திருக்கும் என்றும் சொன்னார்.

அடக்கம் முடிந்து ஒன்பதாம் நாள் மத்தியானம் அக்காவும் தங்கையும் பிள்ளையின் துணிகளை மடித்துக்கொண்டிருந்தார்கள்.

"நான் ஒண்ணும் பார்க்காம இருக்கல்லக்கா" என்றாள் பிளஸ்ஸி. "அவனுக்கு வேர்க்க ஆரம்பிச்சப்பமே நெட்டுல அடிச்சுப் பார்த்தேன். மொதல்ல வந்ததுலயே பயப்பட வேண்டாம்னு போட்டிருந்து."

ரெஜிலா கையிலிருந்த துணியைக் கீழே வைத்தாள். "உள்ள போயி வாசிச்சியா?"

"இல்ல. அந்த வரியப் பார்த்ததும் மனசு ஆறிப்போச்சு. அதுக்குள்ள அவன் அழுதான், போன வச்சிட்டு எடுக்கப் போயிட்டேன்."

திரும்பும் வழியில் பஸ்ஸில் உட்கார்ந்து ரெஜிலா அந்தக் கட்டுரையை முதல்முறையாகக் கடைசிவரை படித்தாள். அறையின் வெப்பம், கனத்த போர்வை, காய்ச்சல் என்று போய், கடைசிப் பத்தியில் ஒரு வரி இருந்தது. பால் குடிக்கும்போது வியர்த்துக் குழந்தை களைத்துப்போனால் இதயக் கோளாறாக இருக்கலாம், தாமதிக்காமல் டாக்டரிடம் காட்ட வேண்டும். எழுதியவர் எழுதத்தான் செய்திருந்தார். அதற்கு மேல்தான் இவள் பயப்பட வேண்டாம் என்று எழுதி வைத்திருந்தாள்.

வீட்டுக்கு வந்ததும் கம்ப்யூட்டரைத் திறந்து தலைப்பை மாற்றினாள். மறுநாள் காலை பார்த்தால் பழைய தலைப்பே திரும்ப வைக்கப்பட்டிருந்தது. குமாரதாஸைக் கூப்பிட்டு நடந்ததைச் சொன்னாள்.

"உனக்க சங்கடம் எனக்குப் புரியுது ரெஜிலா" என்றார் அவர். "ஆனா கட்டுரையில எல்லாம் ஒழுங்காத்தான இருக்கு. தலைப்புலயே டாக்டர்கிட்ட போன்னு போட்டா ஆளு உள்ள வராது."

"வராண்டாம் சார். தலைப்ப மட்டும் வாசிச்சிட்டு ஆஸ்பத்திரிக்குப் போகட்டு."

"நல்லா ஆளு வந்துகிட்டிருக்கிற பக்கம். அத மட்டும் விட்டுரு. வேற எத வேணும்னாலும் மாத்து."

அன்றோடு அவள் அந்த வேலையை விட்டாள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை கொட்டாரம் போனாள். பிளஸ்ஸியிடம் சொல்லாமல் இருந்துவிடலாம் என்று பலமுறை நினைத்திருந்தாள். அவளைக் கண்டதும் அது முடியாது என்று ஆகிவிட்டது.

"அந்தத் தலைப்ப எழுதினது நான்தான் மக்கா."

பிளஸ்ஸி முதலில் விளங்காமல் பார்த்தாள். பிறகு தன் போனை எடுத்து, அதே வார்த்தைகளை அடித்து, வந்த வரியைப் படித்தாள்.

"இத எழுதும்போ என்ன நெனச்சு எழுதினே?"

"ஆளு வரணும்னு."

"நான் வந்தேன் இல்லியா" என்றாள் பிளஸ்ஸி. குரலை உயர்த்தவில்லை. எழுந்து உள்ளே போனவள் திரும்பி வரவில்லை. சாயங்காலம்வரை காத்திருந்துவிட்டு ரெஜிலா பஸ் ஏறினாள். அதற்குப் பின் அவள் கூப்பிட்டால் தங்கை போனை எடுப்பதில்லை.

தக்கலை தாலுகா ஆபீஸ் பக்கம் ஒரு ஜெராக்ஸ் கடையில் மனு டைப் அடிக்கும் வேலை கிடைத்தது. மாமியாருக்குக் கஞ்சி கொடுத்து, பக்கத்து வீட்டில் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு ஒன்பதரைக்குப் போவாள். மிச்ச நேரத்தில் தனியாக ஒரு வலைப்பூ தொடங்கினாள். அதில் இருப்பது ஒரே ஒரு பக்கம். குழந்தை மருத்துவர் ஒருவரிடம் மூன்று முறை கொண்டுபோய்த் திருத்தி வாங்கினாள். தலைப்புக்கு ஒரு வாரம் ஆனது. கடைசியில் 'குழந்தை பால் குடிக்கும்போது வியர்க்கிறதா? உடனே டாக்டரிடம் காட்டுங்கள்' என்று வைத்தாள். கண்ணைக் கவர அதில் ஒன்றும் கிடையாது. உள்ளே போகாதவளும் தெரிந்துகொள்ள வேண்டியதைத் தெரிந்துகொண்டு போவாள்.

முதல் இரண்டு மூன்று மாதம் அதை ஒருவரும் பார்க்கவில்லை. மெல்ல மெல்ல மூன்றாவது இடத்துக்கு வந்தது. பழைய பக்கம் இன்றும் அதற்கு மேலேதான் நிற்கிறது.

ஜனவரியில் தேனிப் பக்கத்திலிருந்து ஒரு தாய் ரெஜிலாவின் பக்கத்தின் அடியில் எழுதியிருந்தாள். தலைப்பைப் பார்த்ததும் பயந்து பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஓடியதாகவும், இதயத்தில் ஓட்டை என்று கண்டுபிடித்து மருந்து கொடுப்பதாகவும் எழுதியிருந்தாள். ரெஜிலா அதைப் பிளஸ்ஸிக்கு அனுப்பினாள். அனுப்பிய பிறகு, அனுப்பியிருக்கக் கூடாதோ என்று இரண்டு நாள் தவித்தாள்.

மூன்றாம் நாள் அவள் கடையில் இருக்கும்போது போன் வந்தது. ஏழு மாதத்துக்குப் பிறகு தங்கையின் குரல்.

"அந்தப் பிள்ளைக்கு என்ன வயசு?"

"நாலு மாசம்னு போட்டிருக்கா."

"பொம்பளப் பிள்ளையா?"

"ஆமா மக்கா."

மறுமுனையில் மூக்கைச் சிந்தும் ஓசை வந்தது.

"சரி" என்று சொல்லிப் பிளஸ்ஸி போனை வைத்துவிட்டாள். கவுண்டருக்கு அந்தப் பக்கம் நின்ற ஒருவர் தன் மனுவை இரண்டு பிரதி எடுக்கச் சொன்னார். ரெஜிலா எழுந்து எடுத்துக் கொடுத்தாள்.