கேமராவுக்குப் போட்ட மாலை

கடலே இல்லாத ஊரில் உட்கார்ந்துகொண்டு கடல் வேலை பார்க்கிறவன் என்று சின்னமனூரில் என்னைக் கேலி செய்யாத ஆளில்லை. டீக்கடைக்குப் போனால், "என்னப்பா, இன்னைக்கு முல்லையாத்துல எத்தன கப்பல் வந்துச்சு?" என்பார்கள். முதல் வருடம் சிரித்தேன். அப்புறம் டீக்கடையையே மாற்றிவிட்டேன்.

வேலை இதுதான். மீன்பிடிப் படகில் ஒரு கேமராவைப் பொருத்துகிறோம். எதிரே கப்பலோ மிதவையோ வந்தால் அது கண்டுகொண்டு, எவ்வளவு தூரம் என்று கணக்குப் போட்டு, நெருங்கினால் மணி அடிக்கும். கணக்குச் சரியாக வர வேண்டுமென்றால் தான் எந்த உயரத்தில், எந்தச் சாய்வில் நிற்கிறோம் என்பது அந்தக் கேமராவுக்குத் தெரிந்திருக்க வேண்டும். அதற்காகக் கறுப்பு வெள்ளைக் கட்டம் போட்ட பலகையைப் பல கோணத்தில் காட்டி, டேப் பிடித்து அளந்து, சலித்துப் போய் உட்கார்வதற்குள் ஒரு காலைப்பொழுது போய்விடும். கேலிப்ரேஷன் என்பார்கள். முடித்த பிறகு கேமராவைத் தொடவே கூடாது. கொஞ்சம் குனிந்துவிட்டாலும் போச்சு, பக்கத்தில் இருப்பதைத் தூரத்தில் இருப்பதாகச் சொல்லும்.

வீட்டிலிருந்து வேலை பார்த்தது போதும், இனி எல்லோரும் சென்னை அலுவலகத்துக்கு வந்துவிட வேண்டும் என்று கம்பெனியில் சொன்னார்கள். என் மனைவிக்கு அப்போதுதான் மார்க்கையன்கோட்டையில் அரசுப் பள்ளி வேலை கிடைத்திருந்தது. அதற்காக அவள் எழுதாத பரீட்சை இல்லை. மகள் அப்போதுதான் சுவரைப் பிடித்து நடக்கிறாள். நான் போனால், எப்போதாவது பஸ் ஏறி வந்து பிள்ளைக்கு முகத்தைக் காட்டிவிட்டு ஓடுகிற அப்பனாகிவிடுவேன். அதனால் மேலாளரிடம் ஒரு வாதம் வைத்தேன். கடல் ஆடிக்கொண்டே இருக்கும். ஆடாத தண்ணீரில் முதலில் சோதிப்பதுதான் முறை. எங்கள் பக்கம் வைகை அணை இருக்கிறது. அரைமனதாகக் கேட்டுக்கொண்டார். "நான் நேர்ல வந்து பாக்கறேன். சரியா இருந்தா நீங்க அங்கயே இருங்க" என்றார்.

அணையில் மீன் பிடிக்கிற ஒருவரின் ஃபைபர் படகை வாடகைக்குப் பிடித்தேன். தங்கமான மனுஷன். ஆனால் ஒன்றையும் சும்மா விடமாட்டார். கட்டப் பலகையை வெயிலுக்கு மறைப்பாகச் சாய்த்து வைத்துத் தூங்குவார். கேமரா நிற்கிற கம்பியில் துண்டைக் காயப்போடுவார். ஒவ்வொரு முறையும் நான் முதலிலிருந்து அளக்க வேண்டும். என் பொறுமை எந்த மண்ணால் செய்ததோ, இன்றுவரை எனக்கே தெரியவில்லை.

"அண்ணே, உங்களுக்குப் புண்ணியமாப் போகும். கேமராவத் தொடாதீக. லென்ஸ எதுவும் மறைக்கக் கூடாது" என்று கையெடுத்துக் கும்பிட்டுச் சொன்னேன்.

"நான் எதுக்குத் தம்பி அதத் தொடப்போறேன்?" என்றார்.

மேலாளர் வருவதற்கு முந்தின நாள் எல்லாம் அச்சாக அமைந்தது. கேமரா சொன்ன தூரமும் கயிற்றால் நாங்கள் அளந்த தூரமும் ஒன்று. மறுநாள் காலை அவரைத் தேனியிலிருந்து அழைத்துக்கொண்டு போய் இறங்கினால், கேமராவின் கழுத்தில் கனமான செண்டுப்பூ மாலை. மேலே சந்தனம், குங்குமம். கீழே ஒரு எலுமிச்சம்பழம் வேறு தொங்குகிறது. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மேலாளர் அதற்குள் லைஃப் ஜாக்கெட்டை மாட்டிக்கொண்டு படகில் ஏறி, கைக்கடிகாரத்தைப் பார்க்கிறார். லென்ஸை எட்டிப் பார்த்தேன். மறைப்பு எதுவும் இல்லை. சாமி காரியம், பிய்த்துப் போட்டால் மனுஷன் சங்கடப்படுவார் என்று பல்லைக் கடித்துக்கொண்டு கிளம்பினேன்.

தண்ணீரில் ஒரு நீல டிரம்மை மிதக்க விட்டிருந்தோம். நேராக அதை நோக்கிப் போக வேண்டும், மணி அடித்ததும் படகைத் திருப்ப வேண்டும். அவ்வளவுதான். படகு போகிறது. டிரம் நெருங்குகிறது. என் லேப்டாப் திரையில் டிரம் இன்னும் எங்கேயோ தூரத்தில் இருக்கிறது. நான் திருப்பச் சொல்லிக் கத்துவதற்கும் மணி அடிப்பதற்கும் படகு டிரம்மில் மோதுவதற்கும் சரியாக இருந்தது. மேலாளர் பெஞ்சைப் பிடித்துக்கொண்டார்.

"மணி அடிச்சாத்தான் திருப்பணும்னு நீங்கதான தம்பி சொன்னீக" என்றார் படகுக்காரர்.

"கேமராவத் தொட்டீகளா?"

"மாலை லென்ஸ மறைச்சுச்சு. மறைக்கக் கூடாதுன்னு சொன்னீகள்ல, அதான் மொகத்தக் கொஞ்சம் கீழ அமுக்கிவிட்டேன்."

உங்களை யார் மாலை கட்டச் சொன்னது, இது என்ன புது லாரியா என்று அந்த மனுஷனை மேலாளர் முன்னாலேயே வாங்கு வாங்கென்று வாங்கினேன். அவர் தலையைச் சொறிந்தார்.

"ஒங்க வீட்டு டீச்சரம்மாதான் தம்பி குடுத்துவிட்டாக. விடிய மதுரை பஸ்ல கண்டக்டர்கிட்ட. ஆண்டிபட்டியில போய் வாங்கிட்டு வந்தேன். மறக்காமக் கட்டணும்னு போன்லயும் சொன்னாக."

மேலாளரிடம் நடந்ததைச் சொல்லி, அரைநாள் கொடுங்கள், திரும்ப அளந்து காட்டுகிறேன் என்று கெஞ்சினேன். அவர் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் தேவலை. "ஒரு மாலைக்கே இப்படின்னா, அலைக்கு என்ன ஆகும்? கடல்லயே பாத்துக்கலாம். சென்னைக்கு வந்துடுங்க" என்றார். அவர் சொன்னதில் தப்பு கண்டுபிடிக்க முடியவில்லை, அதுதான் என்னை இன்னும் எரிச்சலாக்கியது.

வீட்டுக்கு வரும் வழியெல்லாம் அவளிடம் என்னென்ன கேட்க வேண்டும் என்று மனசுக்குள் ஓட்டிப் பார்த்துக்கொண்டே வந்தேன். படித்து வாத்தியார் வேலை பார்க்கிறவள் செய்கிற காரியமா இது. என்னிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே.

சாயங்காலம் பள்ளிக்கூடத்திலிருந்து வந்தவள் தோள்பையைக்கூட இறக்கவில்லை. "பூ வாடாம வந்து சேந்துச்சா? கட்டுனாகளா?" என்றாள். பிள்ளை தத்தித் தத்தி வந்து அவள் சேலையைப் பிடித்துக்கொண்டது.

"கட்டுனாக" என்றேன்.

"மேனேஜர் என்ன சொன்னாரு?"

"கடல்லதான் பாக்கணுமாம். சென்னைக்கு வரச் சொல்லிட்டாரு."

அவள் பிள்ளையைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு சுவரில் சாய்ந்து நின்றாள். கேட்க நினைத்ததை விட்டுவிட்டு அவள் தோள்பையை வாங்கி ஆணியில் மாட்டினேன். அவளே சொன்னாள்.

"பெரிய மாலையா ஒண்ணு இருந்துச்சு. அதையே வாங்கியிருக்கணும்."