இதில் வீட்டுக்காரர் திரும்பி வருகிறாரா?

புத்தகம் இரவல் கொடுக்கிற வேலையில் இரண்டு துன்பம் உண்டு: கொடுத்த புத்தகம் திரும்பி வராது, வந்தால் அதோடு ஒரு கருத்தும் சேர்ந்து வரும். உங்களில் யாராவது ஒரு சபை வாசகசாலையையோ சங்கத்து அலமாரியையோ கட்டி மேய்த்திருந்தால் நான் படும் பாடு புரியும். நான் மலாயாவில், லிங்கிக்குப் பக்கத்தில் ஒரு ரப்பர் தோட்டத்தில் கணக்கெழுதுகிற சின்னக் கிராணி. ஜப்பான்காரன் ஆண்ட மூன்றரை வருஷமும் தோட்டத்துச் சபையின் புத்தகப் பெட்டிக்கு நானே காவல்.

புது வரவு

சண்டை வருவதற்குச் சற்று முன்னால் சென்னையிலிருந்து ஒரு மரப்பெட்டி நிறையக் கிறிஸ்தவக் குடும்பக் கதைகள் வந்து இறங்கின. பெட்டிமேல் 'புது வரவு' என்று எழுதி ஓர் அட்டையை மாட்டினேன். அதற்குப் பிறகு கப்பலும் வரவில்லை, கடுதாசியும் வரவில்லை. ஆகவே செல் அரிக்கத் தொடங்கிய பிறகும் அவை புது வரவாகவே இருந்தன.

சபையில் ஒரு விதி. எந்தப் புத்தகத்தையும் நான் முதலில் வாசித்து, குடும்பத்தார் கையில் கொடுக்கத் தகுமா என்று ஒரு சீட்டில் எழுதி முதல் தாளில் ஒட்டவேண்டும். எனக்கு வாய் கொஞ்சம் நீளம், பேனா அதைவிட நீளம். ஒரு புத்தகத்துக்கு, "குடிகாரன் பத்தாம் பக்கத்தில் திருந்துகிறான், மீதி நூறு பக்கம் சாட்சி சொல்கிறான், குடித்தபோதே பரவாயில்லை" என்று எழுதினேன். இன்னொன்றுக்கு, "இந்தப் பிள்ளை ஒரு பொய்கூடச் சொல்வதில்லை, ஆகவே ஐந்தாம் அத்தியாயத்தில் காய்ச்சல் வந்து பரலோகம் போகிறது" என்று எழுதினேன். சபையின் உபதேசியார் இரண்டு சீட்டையும் நகத்தால் சுரண்டி எடுத்துவிட்டு அமைதியாகச் சொன்னார்: "கருத்து சொல்லச் சொன்னா கருத்த சொல்லுங்க தம்பி, உண்மைய யாரு கேட்டா?"

ரோசம்மாளின் தேவை

தோட்டத்தில் ஒரு புத்தகத்தைக் கடைசிவரை வாசிக்கிற ஒரே ஆள் ரோசம்மாள். ரப்பர் பால் எடுக்கப் பால்மரம் வெட்டுகிறவள், ஞாயிறு பள்ளியில் எழுத்துக் கூட்டக் கற்றவள். அவள் புருஷன் தேவசகாயத்தைச் சயாமில் ரயில் பாதை போட லாரியில் ஏற்றிக்கொண்டு போயிருந்தார்கள். மூன்றே மாத வேலை என்றார்கள். மூன்று மாதம் போய், வருஷமும் ஒன்று போய்விட்டது. ஒரு வரி தகவல் இல்லை.

அவள் புத்தகம் எடுக்க வந்தால் எழுதியவர் பெயரைக் கேட்கமாட்டாள், கதை என்ன என்றும் கேட்கமாட்டாள். "இதுல வீட்டுக்காரர் திரும்பி வர்றாரா?" என்பதுதான் கேள்வி. அந்த விஷயத்தில் எங்கள் பெட்டி தங்கமான பெட்டி. கப்பல் முழுகினாலும் கணவன் முழுகமாட்டான். ஏழு வருஷம் காணாமல் போனவன் கிறிஸ்மஸ் ஆராதனை தொடங்குவதற்குள் கதவைத் தட்டிவிடுவான். நான் பொறுக்காமல் ஒருநாள், இதெல்லாம் சுத்தப் பொய் அம்மா, எழுதுகிறவர்கள் ஊரில் யாரும் காணாமல் போனதில்லை போலிருக்கிறது என்று சொல்லிவிட்டேன். அவள் புத்தகத்தைத் துணிக்குள் சுற்றிக்கொண்டே சொன்னாள்: "பொய்யா இருந்தா இருக்கட்டும்யா, திரும்பி வர்ற பொய்யா பாத்துக் குடுங்க."

விருந்து அத்தியாயம்

இரண்டாம் வருஷத்தில் எல்லார் வீட்டிலும் காலையில் மரவள்ளிக்கிழங்கு, மத்தியானம் மரவள்ளிக்கிழங்கு, மாலையில் அதே கிழங்கின் இலை. அப்போதுதான் எங்கள் குடும்பக் கதைகளுக்குத் திடீரென்று கிராக்கி வந்தது. சபையில் பக்தி எழுப்புதல் வந்துவிட்டது என்று உபதேசியார் சந்தோஷப்பட்டார். எனக்குச் சந்தேகம். திரும்பி வந்த புத்தகங்களை விரித்துப் பார்த்தேன். எல்லாவற்றிலும் கடைசியில் வரும் விருந்துப் பக்கங்களில் மட்டும் கைரேகை அப்பியிருந்தது. ஜெபப் பக்கங்கள் சென்னையிலிருந்து வந்த வெள்ளையோடு அப்படியே இருந்தன.

வேலையாட்களை மேய்க்கிற மண்டோர் சாமுவேல் நேராகவே கேட்பார், விருந்து எந்தப் பக்கம் என்று. ஓர் அம்மாள் எழுதிய புத்தகத்தில் ஆட்டுக்கறியும் நெய்ச்சோறும் நாலு பக்கத்துக்கு வரும். அதை அவர் மூன்று வாரம் வைத்திருந்தார். திருப்பிக் கொடுக்கும்போது எப்படி இருந்தது என்று கேட்டேன். உப்புக்கு நாங்கள் எல்லாரும் அலைந்துகொண்டிருந்த காலம் அது. அவர் முகம் வாடியிருந்தது: "அந்தம்மா நல்லாத்தான் எழுதியிருக்காங்க கிராணி, ஆனா கறிக்கு உப்பு போட்டாங்களான்னு ஒரு வார்த்த சொல்லலயே."

எந்த ராஜா?

ஒருநாள் ஜப்பான் அதிகாரி ஒருவர் தோட்டத்துப் புத்தகங்களைச் சோதிக்க வந்தார். கூடவே சிரம்பானிலிருந்து ஒரு தமிழ் மொழிபெயர்ப்பாளர். பெட்டியைத் திறந்ததும் கைக்கு வந்த முதல் புத்தகம் 'நம் ராஜா திரும்பி வரும் நாள்'. கர்த்தருடைய வருகையைப் பற்றிச் சிறுவர்களுக்கு எழுதிய சாதுவான புத்தகம். மொழிபெயர்ப்பாளர் தலைப்பைச் சொன்னதும் அதிகாரியின் கை வாள்பிடிக்குப் போனது. எந்த ராஜா, இங்கிலீஷ்காரனா என்றார். அடுத்தபடியாக என் சீட்டை வாசிக்கச் சொன்னார். அதில் நான் என் கையாலேயே, "ஒவ்வொரு குடும்பமும் ரகசியமாய் ஆயத்தப்பட உதவும்" என்று எழுதித் தொலைத்திருந்தேன். வாழ்க்கையில் நான் ஒட்டிய ஒரே பாராட்டுச் சீட்டு அது.

உபதேசியார் உண்மையுள்ள மனிதர், அதுதான் ஆபத்து. நிச்சயமாக வருவார், எக்காளம் தொனிக்கும், படைகளோடு வருவார் என்று அவர் ஆரம்பித்துவிட்டார். நான் அவர் காலை மிதித்துக்கொண்டே குறுக்கே புகுந்து, ஐயா, இந்த ராஜா வருவதாகச் சொல்லி ஆயிரத்துத் தொள்ளாயிரம் வருஷம் ஆகிறது, இன்னும் வரவில்லை, உங்கள் ஆட்சிக் காலத்தில் வரமாட்டார் என்றேன். மொழிபெயர்ப்பு முடிந்ததும் அதிகாரி சிரித்தார். புத்தகத்தைப் பெட்டியில் எறிந்துவிட்டுப் போனார். உபதேசியார் நொண்டிக்கொண்டே வந்து என் தோளைத் தட்டினார்: "உயிரக் காப்பாத்தினீங்க தம்பி, ஆனா கர்த்தர் வரமாட்டார்னு சொன்னதுக்கு ஞாயித்துக்கிழமை முழங்கால்ல நின்னுடுங்க."

முன்னுரையின் பயன்

மூன்றாம் வருஷத்தில் தாளுக்குப் பஞ்சம். புகையிலை எப்படியோ கிடைத்தது, சுற்றத் தாள் கிடைக்கவில்லை. புத்தகங்கள் மெலியத் தொடங்கின. நடந்தது நடந்துவிட்டது என்று நானே ஒரு சட்டம் போட்டேன்: முன்னுரையைக் கிழிக்கலாம், கதையில் கை வைக்கக்கூடாது. எப்படியும் முன்னுரையை யாரும் வாசிப்பதில்லை. எழுதிய போதகர்மார்களே வாசித்திருப்பார்களா என்பது சந்தேகம். சாமுவேல் ஒரே மாதத்தில் பதினோரு முன்னுரைகளை முடித்துவிட்டு வந்து தம் தீர்ப்பைச் சொன்னார். அச்சில் வந்த எத்தனையோ மதிப்புரைகளைப் பிற்காலத்தில் வாசித்திருக்கிறேன், இவ்வளவு சுருக்கமாக ஒருவரும் சொன்னதில்லை: "முன்னுரைதான் காரமா இருக்கு கிராணி, உள்ள கதையெல்லாம் சப்புன்னு இருக்கு."

எஸ்தரம்மாள் இல்லம்

பெட்டியில் ஒரே ஒரு புத்தகத்தில் மட்டும் வீட்டுக்காரர் திரும்பி வருவதில்லை. 'எஸ்தரம்மாள் இல்லம்' என்று பெயர். கடல் கடந்து வேலைக்குப் போன புருஷன் கடைசி அத்தியாயத்தில் காய்ச்சலில் சாகிறான். உலகத்தில் நடக்கிறபடி எழுதிய புத்தகம் இது ஒன்றுதான் என்று எனக்கு அதன்மேல் மதிப்பு. ஆனாலும் ரோசம்மாள் கண்ணில் படக்கூடாதென்று பெட்டியின் அடியில் புதைத்து வைத்திருந்தேன். நான் கிழங்குத் தோட்டத்துக்குப் போயிருந்த சமயம் அவள் வந்து, உபதேசியாரிடம் கேட்டு, அதையே எடுத்துப் போய்விட்டாள்.

ஒரு வாரம் கழித்து வந்தாள். கடைசி நாலு தாளைக் காணோம், முடிவு என்ன என்று கேட்டாள். எனக்கு அப்பாடா என்றிருந்தது. முகத்தை மாற்றாமல், அவன் திரும்பி வருகிறான் என்றேன். எப்படி என்றாள். ரயிலில் வருகிறான், கெமாஸ் சந்திப்பில் வண்டி மாறுகிறான், அங்கிருந்து பாதி தூரம் நடை, தாடி வளர்ந்து போனதால் பெண்டாட்டிக்கு முதலில் அடையாளம் தெரியவில்லை என்று வாய்க்கு வந்ததையெல்லாம் அடுக்கினேன். இந்தியாவில் நடக்கிற கதைக்குள் எங்கள் மலாயாவின் கெமாஸ் எப்படி வந்தது என்று அவள் கேட்கவில்லை. நின்று முழுக்கக் கேட்டுவிட்டுப் போனாள். நான் போய்ச் சாமுவேலைப் பிடித்துத் திட்டினேன். தாம் முன்னுரையைத் தாண்டியதே இல்லை என்று அவர் வேதப்புத்தகத்தின்மேல் கை வைத்துச் சத்தியம் செய்தார். அந்த வேதப்புத்தகத்தின் தாள்களையும் ஒருமுறை எண்ணிப் பார்த்துக்கொண்டேன்.

சண்டை முடிந்து, சயாமிலிருந்து உயிரோடு வந்தவர்கள் சிலரே. அவர்களில் ஒருவன் வந்து, தேவசகாயம் அங்கே போன முதல் மழைக்காலத்திலேயே வாந்திபேதியில் இறந்துவிட்டதைச் சொன்னான். நான் ரோசம்மாளைப் பார்க்கத் தொழிலாளர் வீடுகள் இருக்கிற லயத்துக்குப் போனேன். துக்கம் விசாரிக்கப் போனவன், குற்ற உணர்வு தாங்காமல், அன்றைக்கு நான் சொன்ன முடிவு பொய் என்றும் உளறிவிட்டேன். வெட்கத்தில் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. அவள் எனக்கு உட்காரப் பலகையை நகர்த்திப் போட்டாள்: "அந்தத் தாள கிழிச்சு அடுப்புல போட்டதே நான்தான்யா. படிச்சிட்டுத்தான் கிழிச்சேன். நீங்க வேற மாதிரி சொல்வீங்களான்னு பாக்கத்தான் கேட்டேன்."

கருத்துச் சொல்லிப் பிழைக்கிற நம்மவர்களுக்கு ஒன்று: முதல் தாளில் சீட்டு ஒட்டத்தான் நமக்கு அதிகாரம், கடைசித் தாளை என்ன செய்வது என்பதை வாசிக்கிறவர் நம்மைக் கேட்டு முடிவு செய்வதில்லை.