பாற்சோற்றைக் கசக்க வைத்தவர்

குலசிங்கம் அண்ணை இறந்த செய்தியைக் கிண்ணியாவிலிருந்து எங்கள் அலுவலகத்துப் பாரூக்தான் தொலைபேசியில் சொன்னார். புத்தாண்டுக்கு முந்திய கிழமை அது. "எங்கட குலசிங்கம் அண்ணை மோசம் போயிட்டாராம்" என்றார். எனக்கு முதலில் வந்த நினைப்பைச் சொல்கிறேன், திட்டுவதானால் திட்டுங்கள்: அப்பாடா, இந்த ஜனவரியாவது பாற்சோற்றை நிம்மதியாகச் சாப்பிடலாம்.

நினைவு மலருக்கு நல்லதாக நாலு வரி எழுதித் தரும்படி கேட்டிருக்கிறார்கள். நல்லது எழுத வேறு ஆட்கள் இருக்கிறார்கள். 'தீர்க்கதரிசி' என்று ஏற்கெனவே எழுதியும் கொடுத்துவிட்டார்களாம். அவரோடு ஒரே அலுவலகத்தில் வேலை செய்தவன் நான். எனக்குத் தெரிந்ததை எழுதுகிறேன், பிடிக்காவிட்டால் கிழித்துப் போடுங்கள்.

துறைமுகத்துக்குப் பக்கத்திலுள்ள எங்கள் அலுவலகத்தை நீங்கள் அறிவீர்கள். ஆண்டின் முதல் வேலை நாளில் கொடியேற்றி, அரச ஊழியர் உறுதியுரை எடுத்து, பிறகு எல்லோரும் துண்டு துண்டாக வெட்டிய பாற்சோறும் உறைப்பான கட்டாச்சம்பலும் சாப்பிடுவது வழக்கம். எல்லோர் கையிலும் ஒரு துண்டு வரும்வரை அண்ணை காத்திருப்பார். வந்ததும் தொடங்கிவிடுவார். "இந்த வருசம் ஆக்கள் மாறுவினம், அரிசி விலை மாறாது." "ஏறின டொலர் இறங்கி நீங்கள் பாத்திருக்கிறியளோ?" ஒரு தடவை எங்களோடு வேலை செய்த சபீனா பொறுக்க முடியாமல், "சேர், தொண்டைக்குள்ள இறங்குதில்ல. சாப்பிட்டு முடிஞ்ச பொறகு சொல்லுங்களேன்" என்று கெஞ்சினார். "சாப்பிட்டு முடிஞ்சா ஆர் பிள்ளை நிண்டு கேப்பினம்?" என்றார் மனுசன். அவருக்கு வேண்டியது எங்கள் முகம் வாடுவதுதான் என்று அன்றைக்கே முடிவு கட்டினேன்.

ஓய்வு பெற்றால் விட்டுவிடுவார் என்று நினைத்தோம். எங்கே! அடுத்த ஜனவரியில் யாரும் அழைக்காமலே வெள்ளைச் சட்டையோடு வந்து, கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "பென்சன் எனக்குத்தான், நாட்டின்ரை கஷ்டத்துக்கு இல்லை" என்றார். சிரித்தவர்களும் உண்டு. நான் சிரிக்கவில்லை.

பிறகு எரிபொருள் இல்லாமற்போன அந்தக் கெட்ட ஆண்டு வந்தது. அதன் தொடக்கத்திலேயே, "சீனன்குடாவிலை எண்ணெய்த் தாங்கியள் வரிசையா நிக்கும், நாங்கள் வெறும் பெற்றோல் கானோடை வரிசையா நிப்பம்" என்று சொல்லியிருந்தார். அப்படியே நடந்தது. கண்டி வீதியில் வெயிலில் மோட்டார் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நிற்கிறேன், குடை பிடித்தபடி வரிசை நெடுக நடந்து வருகிறார் இந்த மனிதர். "சொன்னனானோ இல்லையோ?" என் பக்கத்தில் நின்றவர் தம்பலகாமத்து விவசாயி. உரமும் இல்லை, உழவு இயந்திரத்துக்கு டீசலும் இல்லை. அவரிடமும் அதே கேள்வி! கன்னத்தில் ஒன்று போடலாம் போல எனக்குக் கை துறுதுறுத்தது. சரியாகச் சொன்னது ஒரு பக்கம் இருக்கட்டும், சொல்லிக்காட்ட அதுவா நேரம்?

அதைக்கூட மறந்திருப்பேன். அடுத்த புத்தாண்டில் அலுவலகத்திலிருந்து நேரே என் வீட்டுக்குச் சாப்பிட வந்தார். என் மகன் நிரோசன் அப்போது சீனன்குடாவில் தற்காலிக வேலையில் இருந்தான். நிரந்தரமாக்குவார்கள் என்று காத்திருந்தான், கனடாவுக்குப் போகவும் ஒரு வழி வந்திருந்தது. எங்களுக்கு அவன் ஒரே பிள்ளை. சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது, "மாமா, ரெண்டு மூண்டு வருசத்திலை எல்லாம் சரிவருமோ?" என்று கேட்டான். அண்ணை கையைக் கழுவிவிட்டு வந்து, ஆற அமரச் சொன்னார்: "தம்பி, நாடு நிமிரேக்கை உமக்குத் தலை நரைச்சிடும்."

அந்தச் சொல்லோடு அவன் கனடாவுக்குப் போய்விட்டான். இன்றைக்கும் மீன் வாங்கினால் அவனுடைய அம்மா நடுத்துண்டை ஒதுக்கி வைப்பாள். பிறகு யோசித்துவிட்டு என் தட்டில் போடுவாள். அதை எப்படிச் சாப்பிடுவது, சொல்லுங்கள்.

அண்ணையின் வீட்டு வாசலில் நின்று கத்தினேன். "உங்கட வாயிலை ஒரு நல்ல சொல் வராதோ?" அவர் கோபப்படவே இல்லை. "நான் நாட்டைப் பற்றிச் சொன்னனான். உம்மட பிள்ளையைப் போகச் சொல்லேல்லை" என்றார். அதோடு அவரோடு கதையை விட்டேன்.

செத்த வீட்டுக்கும் ஊருக்காகத்தான் போனேன். பெட்டிக்கு முன்னால் ஒலிவாங்கி வைத்து ஒவ்வொருவராகப் பேசினார்கள். அவர் சொன்ன டொலர், அவர் சொன்ன வரிசை, அவர் சொன்ன ஆட்சி மாற்றம் என்று ஒரே புகழாரம். தலைமாட்டில் இருந்த அவருடைய மகள் வதனி எழுந்து, பின்பக்கம் நின்ற என்னிடம் வந்தாள். அழுகையைவிடக் கோபந்தான் அவள் முகத்தில் கூடுதலாக இருந்தது.

"மாமா, இவையள் ஆரைப் பற்றிக் கதைக்கினம்?"

"உங்கட அப்பாவைத்தான் பிள்ளை. ஒவ்வொரு புதுவருசமும் சொல்லுறவர்தானே."

"எங்களுக்கு அப்படி ஒருநாளும் சொல்லேல்லை. முதலாந் திகதி வீட்டை வந்தால், 'இந்த வருசம் நல்லா வரும் பிள்ளை, அவசரப்படாதை' எண்டுதான் சொல்லுவார். என்ரை மனிசனுக்கு ஒஸ்திரேலியாவிலை வேலை சரிவந்தது. அப்பா சொல்லுறார் எண்டு விட்டிட்டம். பிறகு பால்மாவுக்கு நான் அலைஞ்சது உங்களுக்குத் தெரியும்தானே. எனக்கு மட்டும் ஏன் மாமா பொய் சொன்னவர்?"

எனக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. எங்கள் பிள்ளைகளுக்கு உண்மையைச் சொல்லிக் கப்பல் ஏற்றிவிட்டு, தன் வீட்டில் மகள், மருமகன், பேரப்பிள்ளைகள் எல்லோரையும் பக்கத்திலேயே வைத்திருந்திருக்கிறார்! ஆனாலும் அவளுக்கு ஏதாவது சொல்லத்தானே வேண்டும். "நீ பக்கத்திலை இருக்கோணும் எண்டுதான் பிள்ளை" என்றேன்.

"அதை நேரே கேட்டிருக்கலாமே. நிண்டிருப்பனே" என்றாள். அப்போதுதான் அழுதாள்.

அண்ணை, உங்களை நான் மன்னிக்கவில்லை. நீங்கள் சொன்ன கெட்ட ஆண்டுகள் ஒன்றும் எனக்கு வேண்டாம், எல்லாவற்றையும் நீங்களே கொண்டு போங்கள். உங்கள் மகளுக்குச் சொன்ன பொய்யை மட்டும் நான் வைத்துக்கொள்கிறேன். அன்றைக்கு என் வீட்டில் உங்கள் பதிலைக் கேட்ட பிறகு, என் மகன் திரும்பி என் முகத்தைப் பார்த்தான். அந்தப் பொய் என் வாயில் வரவில்லை.