கலா அக்காவின் கம்பளி காய்ந்த மத்தியானம்

பேய், ஆவி என்று யாராவது ஆரம்பித்தால் "வேற சோலி இல்லையா?" என்று எழுந்து போகிறவள் நான். நீங்களும் என்னை அப்படித்தான் கேட்பீர்கள், கேளுங்கள், எனக்கொன்றும் வருத்தமில்லை. ஆனால் நடந்தது நடந்ததுதான், அதுவும் பட்டப்பகலில்.

தொண்ணூறுகளின் கடைசி. பழங்காநத்தத்தில் ஒரே காம்பவுண்டுக்குள் ஐந்து குடித்தனம், பக்கத்து வீடு கலா அக்கா. அவர் வீட்டுக்காரர் வடக்கே லாரி ஓட்டியவர், ஆறு மாதத்துக்கு முன்னால் விபத்தில் போய்விட்டார். முகத்தைக்கூடப் பார்க்க விடாமல் மூடிக்கட்டித்தான் கொண்டுவந்தார்கள். அவர் துணிமணியையெல்லாம் கழித்தபோது, கம்பளிக்குத் தீட்டில்லை என்று அவர் போர்த்திய கம்பளியை மட்டும் விட்டுவைத்தார்கள். நம்ம ஊர் வெக்கையிலும் அக்கா அதைக் கட்டிக்கொண்டே கிடப்பார், பொட்டுத் தூக்கம் கிடையாது. "எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லாமப் போயிட்டாகளே" என்று அதே புலம்பல்தான்.

அந்தக் கம்பளியில் பூச்சி விழுந்தது. ஒரு மூலை சல்லடையாகவே ஆகிவிட்டது.

"குடுங்கக்கா, நான் துவைச்சுத் தாரேன்" என்றேன்.

"வேணாம் புள்ள. அவுக வாசம் போயிரும். எனக்குன்னு இருக்கது அது ஒண்ணுதான்."

"இன்னும் ரெண்டு மாசத்துல அதுவும் இருக்காதுக்கா. பூச்சி தின்னுரும்."

முகத்திலடித்த மாதிரிதான் சொன்னேன், என் வாய் அப்படி. பாவம், அழுதுகொண்டே கொடுத்தார்.

என் வீட்டுக்காரர் மிலிட்டரியில் இருந்ததால் குளிர் ஊரில் நாலு வருசம் கம்பளியோடு மல்லுக்கட்டியிருக்கிறேன். சுடுதண்ணீர் பட்டால் சுருங்கிவிடும், கல்லில் அடிக்கக் கூடாது, முறுக்கக் கூடாது. பூந்திக்கொட்டை ஊறிய பச்சைத்தண்ணீரில் முக்கி, அமுக்கி அமுக்கி அலசினேன். கொடியில் போட்டால் தண்ணீர் கனத்தில் இழுத்துக்கொண்டு போகும் என்று, மொட்டைமாடி சாய்ப்புக் கூரை நிழலில் கயிற்றுக் கட்டிலில் விரித்துப் போட்டேன். மோந்து பார்த்தேன், பூந்திக்கொட்டை வாடைதான். வேறெதுவும் இல்லை.

அதெல்லாம் காய முழுசாக இரண்டு நாளாவது ஆகும். ஒரு மணி நேரம் கழித்து நானும் அக்காவும் மேலே போனால், நம்பினால் நம்புங்கள், கம்பளி சொட்டச் சொட்ட நனைந்து கிடக்க, ஒரு ஓரத்தில் ஆள் நீளத்துக்கு மட்டும் காய்ந்திருக்கிறது. தலை, தோள், ஒருக்களித்து ஒரு காலை மடக்கிய மாதிரி. கை வைத்தேன். இப்போதுதான் ஆள் எழுந்து போன படுக்கை மாதிரி வெதுவெதுவென்று இருந்தது.

நான் வெடுக்கென்று கையை இழுத்துக்கொண்டேன். அக்கா பயப்படவே இல்லை.

"லாரிக்குள்ள காலை மடக்கிப் படுத்துப் படுத்து, வீட்லயும் இப்பிடித்தான் படுப்பாக. எனக்குன்னு இம்புட்டு எடம் விட்டுருவாக" என்று சொல்லிக்கொண்டே, மிச்சமிருந்த ஈரத்தில் போய்ப் படுத்துவிட்டார். "அக்கா, சளி பிடிச்சுரும்" என்று கத்தினேன். கேட்டால்தானே? படுத்த மாத்திரத்தில் தூங்கிப்போனார். ஆறு மாதத்தில் அவர் தூங்கி நான் பார்த்தது அன்றைக்குத்தான். எழுப்ப மனசு வரவில்லை, கொஞ்ச தூரம் தள்ளி உட்கார்ந்திருந்தேன்.

முக்கால் மணி நேரம் இருக்கும், எழுந்தார். சேலை தொப்பலாக நனைந்திருந்தது. பிழிவதற்காகக் கைப்பிடிச் சுவர் பக்கம் திரும்பினார். நான் கட்டிலைப் பார்த்தேன். அக்கா படுத்த இடமெல்லாம் அப்படியே ஈரம். ஆனால் அந்தக் காய்ந்த தோளிலிருந்து அக்காவின் கழுத்து கிடந்த இடத்துக்குக் குறுக்கே, ஒரு கை அகலத்துக்கு, ஒரு கை நீளத்துக்குப் புதிதாகக் காய்ந்திருந்தது.

அக்கா திரும்புவதற்குள் கம்பளியைப் புரட்டிப் போட்டுவிட்டேன். பயம், வேறென்ன? பிறகு எத்தனையோ தடவை சொல்ல வாயெடுத்தும் சொல்லவில்லை, அக்காவும் ஊரை விட்டுப் போய்விட்டார். ஒரு வார்த்தைக்காகத் தவித்த மனுசிக்கு வந்த பதிலை நான் மறைத்துவிட்டேனோ என்று இன்றைக்கும் மனசு அடித்துக்கொள்கிறது.