ஏரிக்கரையைச் சுத்தம் செய்த வாரம்

என் வேலை என்னவென்று யார் கேட்டாலும் கடலூரில் என் மச்சான் முந்திக்கொண்டு பதில் சொல்லிவிடுவார். "காக்கா எண்ணப் போறாரு." பாதி உண்மைதான். ஓர் இடத்தில் தொழிற்சாலையோ குடோனோ வருவதற்கு முன்னால் சுற்றுச்சூழல் அனுமதி வாங்க வேண்டும். அதற்கான அறிக்கையில் பறவைகளுக்கென்று சில பக்கங்கள் உண்டு. அந்தப் பக்கங்களுக்காக விடியற்காலையில் தொலைநோக்கியோடு நடக்கிறவன் நான். எனக்குச் சம்பளம் தருவது அறிக்கை தயாரிக்கும் நிறுவனம், அவர்களுக்குத் தருவது குடோன் கட்டுகிறவர். பறவைகள் யாருக்கும் எதுவும் தருவதில்லை. ஆகவே அவற்றுக்கு அந்தச் சில பக்கங்களே ஜாஸ்தி என்று நினைப்பவர்கள் உண்டு.

அந்த ஏரி, காட்டுமன்னார்கோயில் டவுன் பஸ்ஸில் போய் இறங்கி, வயல் வழியாக நடந்தால் வரும். ஏரிக்குத் தண்ணீர் வருகிற பக்கத்தில் தாழ்வான பட்டா நிலம் இருந்தது. அதை மேடாக்கி குடோன் கட்டுவது திட்டம். நிலமும் ஏரியும் சேரும் இடத்தில் ஆள் உயரத்துக்குச் சம்புப் புல் மண்டிக் கிடந்தது. முதல் முறை சும்மா இடம் பார்த்துவரப் போனபோது, அந்தச் சம்புக்குள் செந்நாரைகள் மாறி மாறி இறங்குவதையும் எழுவதையும் பார்த்தேன். உள்ளே கூடு இருக்கிறது என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. மனசுக்குள் ஒரு சந்தோஷம் வந்தது, மறைப்பானேன்.

அப்போது அந்த ஊர் வார்டு மெம்பர் அம்மா என்னைத் தேடி வந்தார். மேட்டைப் போட்டால் ஏரிக்குத் தண்ணீர் வராது, ஏரி நிரம்பாவிட்டால் கீழே நெல் கிடையாது என்பது அவர் கவலை.

"தண்ணி வராதுன்னு எத்தினி மனு குடுத்தாச்சு சார். ஒருத்தரும் காதுல வாங்கல. பறவ கூடு கட்டியிருந்தா எடத்த மாத்திடுவாங்களாமே, நெசமா?"

"கூடு இருக்கிறது கணக்கெடுப்புல வந்தா மாத்தச் சொல்ல வாய்ப்பு இருக்குங்க. அடுத்த வாரம் வந்து முறையா எண்ணுவேன்" என்றேன்.

முறையாக என்றால், குறித்த நாளில், குறித்த பாதையில் நடந்து, கண்ணால் பார்த்ததை மட்டும் எழுதுவது. இடம் பார்க்கப் போன நாளில் பார்த்தது செல்லாது. விதி நல்ல விதிதான், இல்லாவிட்டால் என்னைப் போன்றவர்கள் வீட்டில் உட்கார்ந்தபடியே மயிலை எல்லாம் எழுதிவிடுவோம்.

அடுத்த வாரம் பஸ்ஸை விட்டு இறங்கியதுமே சாலை ஓரத்தில் பிளீச்சிங் பவுடர் கோடு தெரிந்தது. நம் பக்கத்தில் அதிகாரி வருகிறார் என்றால் அந்த வெள்ளைக் கோடு வந்துவிடும். யார் வருகிறார்களோ என்று யோசித்துக்கொண்டே நடந்தேன். வந்தது நான்தான்.

ஏரிக்கரையில் நூறு நாள் வேலைப் பெண்கள் மண்வெட்டியோடு நின்றிருந்தார்கள். கரை பளிச்சென்று இருந்தது. சம்பு இல்லை. வேரோடு வெட்டி, குவித்து, பாதியைக் கொளுத்தியும் இருந்தார்கள். மெம்பர் அம்மா முகம் எல்லாம் சிரிப்பாக எதிரே வந்தார்.

"நாலு நாளா இதே வேலதான் சார். நீங்க எண்றதுக்கு வசதியா இருக்கட்டும்னு மறைப்ப எல்லாம் எடுத்துட்டோம்."

தொலைநோக்கியைத் தூக்கிப் பார்த்தேன். தண்ணீருக்கு மேல் இரண்டு கொக்குகள், கம்பியில் ஒரு கரிச்சான், கரையில் மைனாக்கள். அவ்வளவுதான்.

"கூடு இருந்துச்சுங்களே?" என்று கேட்டேன்.

"அத வுடுவமா? பத்தரமா எடுத்து வெச்சிருக்கோம். இங்க வாங்க."

வேப்ப மரத்தடியில் ஓர் அன்னக்கூடை. வைக்கோல் பரப்பி, அதன் மேல் முட்டைகளை ஒன்றோடொன்று இடிக்காமல் அடுக்கி வைத்திருந்தார்கள். வெளிறிய நீலப் பச்சை நிறம். வெயில் படக் கூடாதென்று ஈரத்துணி வேறு போட்டிருந்தது. ஒன்றை எடுத்துப் பார்த்தேன். சில்லென்று இருந்தது.

கூடையில் எடுத்து வைத்த முட்டை பொரியாது, கூடாகக் கணக்கிலும் வராது என்று விளக்கிச் சொன்னேன். அவர் சிரிப்பு கொஞ்சம் கொஞ்சமாக நின்றது. பிறகு கரையைப் பார்த்துக் கத்தினார். "போதும், வெட்டாதீங்க." வெட்ட அங்கே எதுவும் மிச்சம் இல்லை.

நடந்ததைக் குறிப்பில் எழுதித்தான் கொடுத்தேன். அச்சான அறிக்கையில் அது "ஏரிக்கரை ஊர் மக்களால் நன்கு பராமரிக்கப்படுகிறது" என்று வந்திருந்தது. கழுதை தேய்ந்து கட்டெறும்பாவது இந்தத் தொழிலில் புதிதில்லை. ஆனாலும் அன்று எனக்குக் கோபம் வந்தது.

கருத்துக் கேட்புக் கூட்டத்தை ஒரு கல்யாண மண்டபத்தில் வைத்தார்கள். அறிக்கைக்காரர்கள் வரிசையில் எனக்கும் ஒரு நாற்காலி. மெம்பர் அம்மா மைக்கைப் பிடித்ததும் நேராக என்னைக் காட்டினார். "கூடு இருந்துச்சு. இந்த சாரக் கேளுங்க."

மேடையில் இருந்த அதிகாரி கேட்டார், "பார்த்தீங்களா?"

"முட்டையப் பார்த்தேன் சார்."

"எங்க?"

"அன்னக்கூடையில."

மண்டபம் சிரித்தது. அவர் ஊர்க்காரர்களும் சிரித்தார்கள். அதிகாரிகூடச் சிரித்துவிட்டு, வெட்டியதால்தான் கூடு போனது என்று நான் சொல்லச் சொல்ல, கணக்கெடுப்பு நாளில் கூடு இல்லை என்று எழுதிக்கொள்ளச் சொன்னார்.

மெம்பர் அம்மா மைக்கை விடவில்லை. சிரிப்பு அடங்கும் வரை நின்றுவிட்டு, அதிகாரியை விட்டுவிட்டு என்னைப் பார்த்துக் கேட்டார்.

"அப்போ நாங்க சும்மா இருந்திருந்தாலே போதுமா சார்?"

போதும் என்று தலையை ஆட்டினேன். அவர் மைக்கைக் கொடுத்துவிட்டுப் போய் உட்கார்ந்தார்.